அசல் அப்படியே இருக்கட்டும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், கணினியில் படங்களைத் திருத்துவது பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுவேன். கவுண்ட்டரில் உட்கார்ந்து பழகியவனுக்கு நேரத்தோடு ஷட்டர் இறக்கத் தெரியும்.

நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் கிளார்க் வேலை. போட்டோ ஸ்டூடியோ வைத்தவன் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவனும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலிருந்த பழைய ஆல்பங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். அதைப் பார்த்து நம் குடியிருப்பில் பலர் படங்களோடு வர ஆரம்பித்தார்கள். வரும் வேலை பெரும்பாலும் மூன்று வகை. பழைய குடும்பப் படத்தைத் தெளிவாக்க வேண்டும். பிள்ளையின் விண்ணப்பத்துக்கு இத்தனை கேபிக்குள் படம் வேண்டும். ஆதார் நகல் அனுப்ப வேண்டும், எண்ணை மறைக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்தே இன்று பேசுகிறேன்.

நான் பயன்படுத்துவது கிம்ப் என்ற மென்பொருள். 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கியது. இன்றுவரை இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது பொருந்தும். சாவிகளும் மெனு பெயர்களும்தான் கொஞ்சம் மாறும்.

"சார், இதை வேகமாகச் செய்வது எப்படி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். என் பதில் இது. எந்த நிமிடமும் திரும்பிப் போக வழி வைத்திருப்பவர்தான் வேகமாக வேலை செய்ய முடியும். கெட்டுப்போய்விடுமோ என்று பயந்து பயந்து செய்கிறவருக்கு ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில் வங்கியில் ஒரு விதி உண்டு. தவறான தொகையை ரப்பர் வைத்து அழிக்கக்கூடாது, பிளேடால் சுரண்டக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியான தொகையை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். பழைய எண் அடியில் தெரிந்தாக வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதுதான் வழக்கம். தவறான பதிவுக்கு எதிர்ப்பதிவு போடுவோமே தவிர, பதிவையே நீக்க மாட்டோம். படம் திருத்துவதற்கும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவைதான்.

முதலில் மூன்று போல்டர்

கணினியில் மூன்று போல்டர் போடுங்கள். ஒன்றுக்கு 'அசல்' என்று பெயர். அடுத்தது 'வேலை'. மூன்றாவது 'அனுப்ப'. போனிலிருந்தோ ஸ்கேனரிலிருந்தோ வந்த படம் நேராக அசலுக்குப் போகும். அந்த போல்டரில் எதையும் திறந்து திருத்துவதே இல்லை. அங்கிருந்து ஒரு நகல் எடுத்து வேலையில் வைத்துத் திருத்துகிறோம். முடிந்ததை, வெளியே போக வேண்டிய அளவில், அனுப்ப போல்டரில் போடுகிறோம். அசல் போல்டர் மட்டும் ஒரு பென் டிரைவிலும் இன்னொரு பிரதியாக இருக்கட்டும்.

பெயர் வைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். கேமரா தானாகக் கொடுக்கும் எண்ணை அப்படியே விட்டால், அது பெயர் எழுதாத வவுச்சர் மாதிரி. '1978 திருமணம் பெரியப்பா' என்று ஆண்டு, நிகழ்ச்சி, ஆள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். ஆண்டு முதலில் இருப்பதால் படங்கள் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

ஏன் இத்தனை நகல் என்று கேட்கலாம். நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஜேபெக் படத்தைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தகவலைக் கழித்துவிட்டுத்தான் சேமிக்கும். அளவு சிறிதாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் எழுத்து மங்குவது போல, இதுவும் மங்கும்.

கிம்ப் இதில் நமக்கு உதவுகிறது. கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் அது எக்ஸ்சிஎஃப் என்ற தன் சொந்த வடிவில்தான் சேமிக்கும். அதில் எந்தத் தகவலும் கழியாது. ஜேபெக்காக வேண்டும் என்றால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + இ அழுத்தி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். ஆனால் ஃபைல் மெனுவில் 'ஓவர்ரைட்' என்று ஒரு வரி இருக்கும். திறந்த படத்தின் மேலேயே எழுதிவிடும் வழி அது. அந்த வரி அங்கே இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். போனில் திருத்தினாலும், 'சேவ்' என்பதைத் தொடாமல் 'நகலாகச் சேமி' என்ற வாய்ப்பைத் தேடி எடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெரியவர் இரவில் தவறிவிட்டார். காலையில் மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். அவர் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. அறுபதாம் கல்யாணத்தன்று எடுத்த குடும்பப் படம் இருந்தது. அதுவும் ஸ்கேன் செய்தது மட்டும்தான். காகிதப் படத்தைக் கரையான் தின்று பல வருடம் ஆகியிருந்தது. துக்கம் ஒரு பக்கம், அவசரம் ஒரு பக்கம். பேரன் தாத்தாவின் முகத்தை மட்டும் வெட்டி, அதே பெயரில் சேமித்து, ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டான். காரியம் நடந்தது. பதினாறாம் நாள் முடிந்த பிறகு பாட்டி அந்தக் குடும்பப் படத்தைப் பார்க்கக் கேட்டார். கணினியில் தாத்தாவின் முகம் மட்டும் இருந்தது. பக்கத்தில் மாலையோடு நின்ற பாட்டி இல்லை, பிள்ளைகள் இல்லை.

கடைசியில் ஓர் உறவினர் போனில், எப்போதோ வாட்ஸ்அப்பில் போன சின்ன நகல் கிடைத்தது. போனில் பார்க்கலாம், பெரிதாக்கிச் சட்டம் போட முடியாது. அந்தப் பையன் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த இரவில் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? நிதானம் இல்லாத நேரத்திலும் நம்மைக் காப்பாற்றத்தான் நடைமுறை என்று ஒன்றை முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்கிறோம்.

லேயர் என்றால் என்ன?

லேயர் என்றதும் பலர் மிரள்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் மேப் வரைய டிரேசிங் பேப்பர் வைத்தோமே, அதுதான். அடியில் படம். மேலே கண்ணாடி போல ஒரு தாள். நீங்கள் எழுதுவதும் பூசுவதும் மேல் தாளில் மட்டும். பிடிக்கவில்லையென்றால் தாளை எடுத்துவிடலாம், அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

படத்தைத் திறந்தவுடன் முதல் வேலையாக கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்துங்கள். லேயருக்கு ஒரு நகல் உண்டாகும். அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். லேயர் பெயருக்குப் பக்கத்தில் கண் அடையாளம் இருக்கும். அதை மூடித் திறந்தால் முன்பு எப்படி, இப்போது எப்படி என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலத் தோன்றினால், மேலே 'ஒபாசிட்டி' என்ற அளவை 100-லிருந்து 60-க்கு இறக்குங்கள். திருத்தம் அந்த அளவுக்குக் குறையும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

ஒரு பகுதியை நீக்க வேண்டும் என்றால் ரப்பர் கருவியை எடுக்காதீர்கள், லேயர் மாஸ்க் போடுங்கள். மாஸ்க்கில் கறுப்புப் பூசினால் அந்த இடம் மறையும். வெள்ளை பூசினால் திரும்ப வரும். ரப்பரால் அழித்தது போனது போனதுதான்.

கன்ட்ரோல் + இசட் இருக்கிறதே என்பீர்கள். நல்ல சாவிதான். ஆனால் படத்தை மூடியதும் அந்தப் பட்டியல் முழுவதும் அழிந்துவிடும். எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்தாலும் அது வராது. லேயர் மட்டும் நாளைக்கும் இருக்கும்.

கையில் இருக்க வேண்டிய சாவிகள்

நேரம் வீணாவது பெரும்பாலும் மெனுவில் தேடுவதில்தான். எல்லாச் சாவியையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கீழே சொல்பவை போதும்.

கன்ட்ரோல் சாவியைப் பிடித்தபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும், சிறிதாகும். எண் 1-ஐ அழுத்தினால் படம் அதன் உண்மையான அளவில் தெரியும். ஸ்பேஸ் பாரைப் பிடித்தபடி மவுஸை நகர்த்தினால் படத்தின் எந்த மூலைக்கும் போகலாம். சதுர அடைப்புக்குறிச் சாவிகள் இரண்டும் பிரஷ்ஷைச் சிறிதாக்கும், பெரிதாக்கும். டி அழுத்தினால் நிறம் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பும். எக்ஸ் அழுத்தினால் அந்த இரண்டும் இடம் மாறும். ஷிஃப்ட் + சி என்றால் வெட்டும் கருவி. எதையோ தேர்வு செய்துவிட்டு, பிரஷ் வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ அழுத்துங்கள், தேர்வு விலகிவிடும்.

எல்லாவற்றிலும் உபயோகமானது சாய்வுக்கோடு, அதாவது ஸ்லாஷ் சாவி. அதை அழுத்தினால் ஒரு தேடும் பெட்டி வரும். வேண்டிய கட்டளையின் பெயரில் நான்கு எழுத்து அடித்தால் போதும், எந்த மெனுவுக்குள் இருந்தாலும் கொண்டு வந்துவிடும்.

வேலையின் வரிசை

சமையலில் தாளிப்பதற்கு ஒரு நேரம் உண்டு. இதிலும் வரிசை உண்டு. முதலில் சாய்ந்த படத்தை நேராக்குங்கள். அடுத்து ஓரங்களை வெட்டுங்கள். பிறகு வெளிச்சமும் நிறமும். அதன் பிறகு கீறல், புள்ளிகளைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகுதான் தேவையான அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். கூர்மையாக்குவது கடைசி. நேராக்கும் முன்பே ஓரங்களை வெட்டினால், நேராக்கிய பிறகு இன்னொரு முறை வெட்ட வேண்டிவரும். கூர்மையாக்கிவிட்டுச் சிறிதாக்கினால், கூர்மையாக்கியது வீண். வரிசையை மாற்றாமல் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்காது.

பழைய படங்கள்

பழைய படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். 4-க்கு 6 அங்குலப் படம் 2400-க்கு 3600 பிக்சல் ஆகக் கிடைக்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் போதும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் இந்தப் படத்தை 8-க்கு 12 அங்குலம் வரை பெரிதாக்கித் தெளிவாக அச்சிடலாம். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க முயல வேண்டாம். மேல்பரப்பு உரிந்து கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே எடுத்துக்கொள்ளலாம்.

1970, 80-களின் வண்ணப் படங்கள் பல சிவந்துபோய் இருக்கும். அந்தக் காலத்துப் படத்தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் மற்ற சாயங்களைவிட முன்னதாக மங்கிவிடும். மிச்சம் இருக்கும் சாயங்கள் சேர்ந்து சிவப்பாகத் தெரிகின்றன. 'கலர்ஸ்' மெனுவில் 'ஆட்டோ', அதில் 'ஒயிட் பேலன்ஸ்' போட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அது சமன் செய்யும். பல படங்களில் பட்டுப்புடவையின் பச்சை அந்த ஒரு சொடுக்கில் திரும்பி வரும். சரிவராவிட்டால் 'லெவல்ஸ்' போய், மூன்று நிறங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்யலாம்.

கீறலுக்கும் பூஞ்சைப் புள்ளிக்கும் 'ஹீல்' கருவி. எச் அழுத்தினால் வரும். கன்ட்ரோல் சாவியைப் பிடித்து, பக்கத்தில் நல்ல இடத்தைச் சொடுக்கிவிட்டு, கெட்ட இடத்தில் பூச வேண்டும். பிரஷ் சிறிதாக இருக்கட்டும், இழுக்காமல் தொட்டுத் தொட்டு வையுங்கள். சுவர், தரை, ஆகாயம் இவற்றில் தாராளமாகச் செய்யலாம். முகத்தில் மட்டும் கை அடக்கம் வேண்டும். கன்னத்து மச்சமும் அம்மைத் தழும்பும் அழுக்கு இல்லை, அவை அந்த மனிதருடைய அடையாளம்.

இப்போது போனில் வரும் சில செயலிகள் மங்கிய முகத்தை ஒரு நொடியில் பளிச்சென்று ஆக்குகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் படத்தில் இல்லாத விவரத்தை அது எங்கிருந்தும் மீட்டு வரவில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இப்படி இருக்கலாம் என்று தானே வரைகிறது. கண்ணும் உதடும் வேறு யாருடையதோ ஆகிவிடும். அம்மாவைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகள் அதைத்தான் அம்மா என்று நினைத்துக்கொள்வார்கள். செய்து பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயரில் 'செயலி திருத்தியது' என்று எழுதி, அசலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

விண்ணப்பத்துக்குப் படம்

35-க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் அளவுப் படம், 300 டிபிஐ-யில் 413-க்கு 531 பிக்சல். வங்கித் தேர்வு விண்ணப்பங்களில் வழக்கமாகக் கேட்பது 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. உங்கள் அறிவிப்பில் என்ன போட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் கருவியில் 'ஃபிக்ஸ்டு' என்பதை டிக் செய்து, விகிதத்தில் 200:230 என்று அடியுங்கள். முகம் நடுவில் வரும்படி வெட்டுங்கள். பிறகு 'இமேஜ்' மெனுவில் 'ஸ்கேல் இமேஜ்' போய் 200-க்கு 230 ஆக்குங்கள். இந்த இரண்டையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். வெட்டுவது ஓரத்தை நீக்கும். ஸ்கேல் செய்வது முழுப் படத்தையும் சுருக்கும். வெட்டாமல் சுருக்கி, விகிதத்தையும் மாற்றினால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது வரும் பெட்டியில் 'ஷோ ப்ரிவ்யூ' என்பதை டிக் செய்யுங்கள். தரத்தின் அளவை நகர்த்த நகர்த்த எத்தனை கேபி வரும் என்று அங்கேயே காட்டும். சேமித்துப் பார்த்து, அதிகம் என்று திரும்ப ஆரம்பிக்கும் அலைச்சல் இல்லை.

இன்னொன்று. நல்ல படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும். அச்சடிக்க வேண்டிய படத்தை 'டாக்குமெண்ட்' என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும்.

ஆதாரை மறைப்பது

இங்கே மட்டும் கணக்கு தலைகீழ். இதுவரை எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வழி வைத்தோம். வெளியே போகும் ஆதார் நகலில் யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி செய்ய வேண்டும்.

முதல் வழி, ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே 'மாஸ்க்டு ஆதார்' இறக்கிக்கொள்ளலாம். முதல் 8 இலக்கங்கள் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். கையால் மறைப்பதானால், போனில் உள்ள கறுப்பு ஹைலைட்டர் போதாது. அது பல சமயம் கண்ணாடித் தாள் போலத்தான் விழும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலிருக்கும் எண் எட்டிப் பார்க்கும். மங்கலாக்குவதும் நம்பத்தக்கது இல்லை. கிம்ப்பில் ஆர் அழுத்தி எண்ணைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். டி அழுத்திக் கறுப்பு எடுங்கள். கன்ட்ரோல் + கமா அழுத்தினால் கட்டம் முழுக்கக் கறுப்பாகும். கியூஆர் கட்டத்திலும் விவரங்கள் உண்டு, அதையும் மூடுங்கள். டெக்ஸ்ட் கருவியால் குறுக்கே, 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதுங்கள்.

பிறகு ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து அதை மட்டும் அனுப்புங்கள். எக்ஸ்சிஎஃப் கோப்பை அனுப்பவே கூடாது. அதில் அடி லேயர் உயிரோடு இருக்கும், கண் அடையாளத்தை மூடினால் முழு எண்ணும் தெரிந்துவிடும். எக்ஸ்போர்ட் பெட்டியில் 'எக்ஸிஃப்' என்று இருப்பதன் டிக்கையும் எடுத்துவிடுங்கள். படம் எடுத்த இடமும் நேரமும் அதில் ஒளிந்திருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பழைய படத்தை இந்த வாரம் எடுங்கள். மேலே சொன்னபடி ஸ்கேன் செய்து அசல் போல்டரில் போடுங்கள். அழகுபடுத்துவது பிறகு. வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கீறலை அடுத்த வருடம்கூடச் சரிசெய்யலாம். இரண்டாவது வரிசையில் ஜடை போட்டு நிற்கும் பெண் யார் என்று, தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

சந்தேகம் இருப்பவர்கள் மாலையில் என் வீட்டுக்கு வரலாம். வரும்போது நகலைக் கொண்டு வாருங்கள், அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.